ஓட்னி ஏழு மணிக்கு எழுந்தாள்

நீங்கள் தெற்கிலிருந்து வந்திருக்கிறீர்கள். பேச்சிலேயே தெரிகிறது. முதல் வேலையாக உங்கள் வாடகை வீட்டு ஜன்னலுக்குக் கனமான திரை ஒன்று வாங்கிப் போட்டுவிடுங்கள். மே கடைசியிலிருந்து ஜூலை நடுவரை இங்கே சூரியன் இறங்குவதே இல்லை. புதிதாக வருகிறவர்கள் முதல் வாரம் அழகு, அழகு என்பார்கள். மூன்றாவது வாரம் மருந்துக் கடையில் போய்த் தூக்க மாத்திரை கேட்பார்கள். உங்கள் கண்ணைப் பார்த்தால் இது இரண்டாவது வாரம் என்று தோன்றுகிறது.

காபிக்கு நன்றி. பால் வேண்டாம்.

என் மைத்துனி ஹெர்டிஸ் உங்களிடம் சொன்னவற்றில் பெரும்பகுதி சரிதான். அவள் கோபக்காரி, ஆனால் பொய் சொல்லமாட்டாள். ஓரிரு இடங்களில் திருத்தம் தேவைப்படுகிறது. அதற்காகத்தான் நீங்கள் கூப்பிடுவதற்கு முன்பே நானாகக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

நான் கருவாடு தரம் பிரிக்கிறவன். காற்றில் தொங்கிக் காய்ந்த காட் மீனை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, கழுத்தைப் பார்த்து, வயிற்றுப் பக்கம் மோந்து, இது இத்தாலிக்கு, இது ஆப்பிரிக்காவுக்கு என்று குவியல் சொல்லவேண்டும். நான் ஒருமுறை சொல்லிவிட்டால் அந்த மீனை மறுபடி யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. இந்தத் தீவுகளில் என் வார்த்தைக்கு அப்படியொரு மரியாதை இருந்தது. பெருமைக்காகச் சொல்லவில்லை. ஓட்னி ஏன் என்னை நம்பினாள் என்று நீங்கள் கேட்பீர்கள் என்பதால் சொல்கிறேன். எல்லோரும் நம்பினார்கள்.

ஓட்னி என் மனைவி. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். ஆனால் அவள் மனசு முழுக்க வீட்டுக்குப் பின்னால் நான் கட்டிக்கொடுத்த கண்ணாடிக் கொட்டகையில் இருந்தது. பாறை இடுக்கில் முளைக்கிற செடிகள்தான் அவளுக்குப் பிடிக்கும். நகத்தளவு இலை, அதைவிடச் சின்னப் பூ. அவற்றை விதையிலிருந்து வளர்த்தெடுப்பது லேசான காரியம் இல்லை என்பார்கள். அவள் வளர்த்தாள். ஹெர்டிஸ் வடக்கே ட்ரோம்ஸோ நகரத்தில் இருக்கிறாள். அங்கே மலைச்செடித் தோட்டம் ஒன்றில் அக்காவுக்கு ஒரு வேலை பேசி வைத்தாள். ஐம்பத்தொன்பது வயதில், அவளுக்குப் பிடித்த வேலை. ஓட்னி அதை என்னிடம் சொன்னபோது அவள் முகத்தில் இருந்த மலர்ச்சி எனக்குப் புதிது.

விவாகரத்தெல்லாம் இல்லை. "நீயும் வாயேன்" என்றுகூடச் சொன்னாள். ஆனால் ட்ரோம்ஸோவில் எனக்கு என்ன இருக்கிறது? அங்கே கருவாடு தொங்குவதில்லை.

ஆனால் இதெல்லாம் அந்த வேலைக்காக ஆரம்பித்ததல்ல. ஹெர்டிஸ் இந்த இடத்தில்தான் தவறாகச் சொல்கிறாள். அது அதற்கு முன்பே, ஒரு குளிர்காலச் சாயங்காலத்தில் ஆரம்பித்தது. ஓட்னி அடுப்பில் உருளைக்கிழங்கை வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போய் மறந்துவிட்டாள். தண்ணீர் வற்றி, பாத்திரம் கருகி, வீடெல்லாம் புகை. யாருக்கும் நடக்கக்கூடியதுதான். ஆனால் அவளுடைய அம்மா கடைசிக் காலத்தில் தன் பெயரே தெரியாமல் கிடந்து செத்தவள். ஓட்னி அந்தக் கருகிய பாத்திரத்தைப் பார்த்தபடி நின்றாள். "அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்றாள். பிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் என்னைத் தொட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. சண்டையெல்லாம் இல்லை. பழக்கம் விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான். அந்தச் சாயங்காலம் முழுக்க அவள் கையை எடுக்கவில்லை.

"இது முதல் தடவை இல்லையே ஓட்னி" என்றேன்.

அது முதல் தடவைதான். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவள் பிடி இறுகியது.

அதற்குப் பிறகு நான் சில பொருட்களை இடம் மாற்றினேன். பெரிதாக ஒன்றுமில்லை. அவளுடைய சின்ன மண்வெட்டியை ரொட்டிப் பெட்டிக்குள் வைத்தேன். ஹெர்டிஸ் போன் செய்ததாகவும், இருவரும் அரைமணி நேரம் பேசியதாகவும் சொன்னேன். ஹெர்டிஸ் போன் செய்யவில்லை. நாற்றுகளுக்குக் காலையிலேயே தண்ணீர் ஊற்றிவிட்டாயே என்றேன். அவள் ஊற்றாமல் விட்டாள். அவை காய்ந்தன. ஒரு வசந்தத்தில் விதைத் தட்டுகளில் அவள் குத்தி வைத்திருந்த பெயர்க் குச்சிகளை மாற்றி நட்டேன். வெள்ளைப் பூ வரவேண்டிய தட்டில் மஞ்சள் பூ வந்தது. அவள் தரையில் உட்கார்ந்து அந்தத் தட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அது கொஞ்சம் அதிகம் என்று இப்போது தோன்றுகிறது.

ஆனால் ஒவ்வொரு முறையும் அவள் என்னிடம்தான் வந்தாள். அதை நீங்கள் மறந்துவிடக் கூடாது.

மருத்துவர் சோதித்தபோது பெரிதாக எதுவும் தெரியவில்லை. வீட்டில் எப்படி இருக்கிறாள் என்று அவர் என்னைக் கேட்டார். நான் சொன்னேன். அவர் அதற்கப்புறம் அவளிடம் பேசிய விதம் மாறிவிட்டது.

இதற்கு நடுவில்தான் ட்ரோம்ஸோ வேலை வந்தது. போன வருஷம் ஜூன் ஆரம்பத்தில் ஒருநாள் ஓட்னி என் எதிரில் வந்து நின்றாள். தலையை வாரி முடித்திருந்தாள். நன்றாக யோசித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று தெரிந்தது.

"ஒரு ராத்திரி, ஸிவெர்ட். இந்த வீட்டுல இல்ல, வேற இடத்துல. ரெய்டாரோட படகுல போவோம். நீ எனக்கு எதையும் ஞாபகப்படுத்தக் கூடாது. எதையும் தேடிக் குடுக்கக் கூடாது. 'அப்பவே சொன்னேனே'ன்னு இழுக்கக் கூடாது."

"சரி."

"போனையெல்லாம் வீட்டுலயே வச்சிட்டுப் போவோம். மறுநாள் காலைச் சாப்பாடு வரைக்கும் நான் எதையும் குழப்பிக்கலன்னா, ஆகஸ்டுல ட்ரோம்ஸோ போறேன். நீ தடுக்கக் கூடாது. குழப்பிக்கிட்டேன்னா ஹெர்டிஸ்கிட்ட நானே சொல்லிடறேன். அப்புறம் நீ என்ன சொல்றியோ அதான்."

"இதென்ன பந்தயமா?"

"ஆமா. என்னோட நானே கட்டற பந்தயம். நீ சும்மா சாட்சி."

சரியென்றேன். வேறு என்ன சொல்லியிருக்க முடியும்?

ரெய்டாரின் படகு உங்களுக்குத் தெரிந்திருக்கும், துறைமுகத்தில் பச்சை வண்ணத்தில் நிற்கிறதே, அதுதான். பழைய மீன்பிடிப் படகைச் சீர்செய்து கீழே நாலு அறை போட்டிருக்கிறார். ஒரு பகல், ஒரு இரவு, மலைகளுக்கு நடுவே கடல் புகுந்து கிடக்கிற ஃபியோர்டின் கடைசி மூலைவரை போய்த் திரும்பும். கோடையில் எல்லாம் ஜோடிகளாகத்தான் வருவார்கள். அன்று எங்களோடு புதிதாகக் கல்யாணமான இருவர் வந்தார்கள். ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஒருவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். சமையலுக்கு ரெய்டாரின் மனைவி தூரிட்.

"வாங்க, கருவாட்டு ஜட்ஜு" என்றார் ரெய்டார், ஏணிப்படியில் கை கொடுத்தபடி. "எங்க படகு எந்தத் தரம்னு மோந்து பாத்துச் சொல்லிட்டு ஏறுங்க."

"இவரு மோந்து பாக்கறதெல்லாம் செத்ததை மட்டுந்தான்" என்றாள் ஓட்னி. "நீங்க பயப்படாதீங்க ரெய்டார்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் ஏறும்போதே ஆரம்பித்துவிட்டாள் என்று எனக்குப் புரிந்தது. புதுமணப் பெண்ணின் பெயரை ஒருமுறை கேட்டாள், அதன்பிறகு பெயர் சொல்லியே கூப்பிட்டாள். பல் மருத்துவர் பேச்சுவாக்கில் சொன்ன பேரப்பிள்ளைகளின் வயதை மதியம் திருப்பிச் சொன்னாள். எங்கள் பையில் என் மாத்திரை, கையுறை, அவளுடைய மூக்குக்கண்ணாடி எல்லாம் அததன் இடத்தில் இருந்தன. ஒன்றைக்கூட அவள் தேடவில்லை.

ஃபியோர்டுக்குள் நுழைந்ததும் இரண்டு பக்கமும் மலை நெருங்கி வந்தது. அருவிகள் சத்தமில்லாமல் தொங்கின. கிட்டே போனால்தான் அவற்றுக்குச் சத்தமுண்டு. ஓரிடத்தில் ஓட்னி கை நீட்டிக் கத்தினாள். ரெய்டார் படகின் மூக்கைப் பாறைக்கு வெகு அருகில் கொண்டுபோய் நிறுத்தினார். ஈரப் பாறையில் ஊதா நிறத்தில் ஒரு திட்டு. எனக்கு அது கறை மாதிரித்தான் தெரிந்தது. அவள் அதன் பெயரைச் சொன்னாள், அது எத்தனை குளிர்காலங்களைக் கடந்திருக்கும் என்று சொன்னாள், ஏன் இந்தப் பக்கப் பாறையில் மட்டும் வருகிறது என்று சொன்னாள். புதுமணப் பெண் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்க டீச்சரா?" என்று கேட்டாள்.

"இல்ல. ஆகஸ்டுலேர்ந்து தோட்டக்காரி" என்றாள் ஓட்னி. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

அவள் அழகாக இருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது. வேடிக்கை பார்க்கிறவர்களின் கூட்டத்தில் நானும் ஒருவனாக நின்றுகொண்டிருந்தேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு வெங்காயத்தோடு பொரித்த மீனும் உருளைக்கிழங்கும். தூரிட், வாஃபிள் அப்பம் சுடுகிற தன் இரட்டைத் தட்டு இரும்பைப் பற்றிப் புலம்பினாள். மாவு ஊற்றினால் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்கிறதாம்.

"காலைல நான் சுடறேன்" என்றாள் ஓட்னி. "பள்ளிக்கூடத்துல இதைவிட மோசமான இரும்புல நூறு பிள்ளைங்களுக்குச் சுட்டவ நான். ஏழு மணிக்கு வந்துடறேன். நீ நல்லாத் தூங்கு."

"லீவுக்கு வந்தவங்களை வேலை வாங்கினேன்னு ரெய்டார் என்னைத் தண்ணில தள்ளிடுவான்."

"தள்ளினா அப்புறம் எனக்கு யாரு சமைப்பா?" என்றார் ரெய்டார்.

"பாத்தியா, பதினெட்டு வருஷக் கல்யாணம். காதல்னா இதான்" என்றாள் தூரிட். "சரி ஓட்னி. சுட்டு முடிச்சதும் மேல இருக்கற மணியை அடிச்சிடு. வாசனைக்கே எல்லாரும் ஓடி வந்துடுவாங்க."

ஓட்னி என் பக்கம் திரும்பினாள். "கேட்டுக்கிட்டியா ஸிவெர்ட்? ஏழு மணி. நீ எழுப்பாத."

ஃபியோர்டின் கடைசி மூலையில் நங்கூரம் போட்டார்கள். அங்கே மலை எல்லாப் பக்கமும் எழுந்து நிற்பதால் சூரியன் கண்ணில் படாது. வெளிச்சம் மட்டும் இருக்கும், எந்நேரமும் ஒரே மாதிரி, சாம்பல் பூத்த வெளிச்சம். அதைப் பார்த்து நடுராத்திரியா, விடிகாலையா என்று எங்கள் ஊரில் பிறந்தவனாலும் சொல்ல முடியாது. ஜூனில் இங்கே பிள்ளைகள் நடுராத்திரியில் பந்து விளையாடுவார்கள், பெரியவர்கள் வேலிக்கு வண்ணம் அடிப்பார்கள். நேரம் என்பது இங்கே வானத்தில் இல்லை. கடிகாரத்தில் இருக்கிறது. அல்லது பக்கத்தில் இருப்பவர் சொல்கிற வார்த்தையில் இருக்கிறது.

ஓட்னி வட்ட ஜன்னலின் திரையை இழுத்துவிட்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பலகையில் வைத்துவிட்டுப் படுத்தாள். உடனே தூங்கிவிட்டாள். நல்ல நாள் ஒன்று முடிந்தால் குழந்தைகள் தூங்குவார்களே, அப்படி.

நான் தூங்கவில்லை. படகு முழுக்க அடங்கிப் பன்னிரண்டே முக்கால் ஆகும்வரை காத்திருந்தேன். பிறகு அவள் கடிகாரத்தை எடுத்து, முள்ளைத் திருப்பி, ஏழு மணிக்குப் பத்து நிமிஷம் இருப்பதுபோல் வைத்தேன். சாப்பாட்டு அறைச் சுவரில் ரெய்டாரின் அப்பா காலத்துப் பித்தளைக் கடிகாரம் ஒன்று உண்டு, மணிக்கு மணி அடிப்பது. சமையல் செய்கிற இடத்திலிருந்து அது நேராகத் தெரியும். ஆகவே அதையும் மாற்ற வேண்டியிருந்தது. முள் பன்னிரண்டைத் தாண்டும்போதெல்லாம் அடித்துவிடாமல் இருக்க, உள்ளே இருந்த குட்டிச் சுத்தியலை ஒரு விரலால் பிடித்துக்கொண்டேன். திரும்பி வந்து ஜன்னல் திரையைக் கொஞ்சம் விலக்கினேன். படுத்துக்கொண்டேன்.

நான் அவளை எழுப்பவில்லை. அவளிடம் கொடுத்த வார்த்தையை நான் மீறவில்லை. இருமினேன்.

அவள் கண் விழித்து, கையை நீட்டிக் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தாள். சிரித்தாள். தனக்குத்தானே சிரித்துக்கொண்டதை நான் இமை இடுக்கில் பார்த்தேன். மாவு வேலைக்குப் போகும்போது கடிகாரம் கட்டமாட்டாள் என்பது எனக்குத் தெரியும். பலகையிலேயே வைத்துவிட்டாள். உடுத்திக்கொண்டு, என் தூக்கம் கெடக்கூடாது என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கதவை மெதுவாகச் சாத்தினாள்.

நான் எழுந்து அவள் கடிகாரத்தைச் சரியான நேரத்துக்குத் திருப்பினேன். கொஞ்ச நேரத்தில் வெண்ணெய் உருகும் வாசனை வந்தது. காபி வாசனை வந்தது. அவள் முணுமுணுவென்று ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். பிறகு மேலே ஏறும் சத்தம். அந்த இடைவெளியில் நான் சுவர்க் கடிகாரத்தின் முள்ளையும் பின்னால் சுற்றிச் சரியான நேரத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

மணி அடித்தது.

நான் ஒன்றை யோசிக்கவில்லை. கடலில் இரவு நேரத்தில் மணி அடித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ரெய்டார் அரைக்கால் சட்டையோடு, இரண்டு கையிலும் லைஃப் ஜாக்கெட்டுகளை அள்ளிக்கொண்டு ஓடிவந்தார். அவருக்குப் பின்னால் தூரிட். புதுமணப் பையன் தன் மனைவியைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு வந்தான். பல் மருத்துவர் வெறுங்காலோடு வந்தார். மேல்தளத்தில் ஓட்னி, இடுப்பில் தூரிட்டின் துணியைக் கட்டிக்கொண்டு, தட்டு நிறைய வாஃபிளோடு நின்றிருந்தாள்.

"எங்க? எங்க தண்ணி ஏறுது?" என்றார் ரெய்டார்.

"தண்ணியா?" ஓட்னி சிரித்தாள். "என்ன கோலம் இது? மூஞ்சியைக் கழுவிட்டு வாங்க எல்லாரும். வாஃபிள் ஆறுது."

ரெய்டார் லைஃப் ஜாக்கெட்டுகளை மெதுவாகக் கீழே வைத்தார்.

"ஓட்னி, கண்ணு" என்றாள் தூரிட். "மணி ஒண்ணரைம்மா."

"ஏழரை."

"ஒண்ணரை. ராத்திரி."

ஓட்னி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். புதுமணப் பெண் தயங்கித் தயங்கித் தன் போனை நீட்டினாள். ஓட்னி அதைப் பார்த்தாள். தட்டை ரெய்டாரிடம் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிப் போய்ச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அறைக்குப் போய்த் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நான் அறை வாசலில் நின்றிருந்தேன். என்னைத் தாண்டிப் போகும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை.

அவள் திரும்ப மேலே வந்தபோது பல் மருத்துவர் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வாஃபிளை மடித்துக் கடித்துக்கொண்டிருந்தார். "அட, வாஃபிளுக்கு நேரம் காலம் உண்டா என்ன? உக்காருங்க எல்லாரும்" என்றார். எல்லோரும் உட்கார்ந்தார்கள். தூரிட் போய்ப் பழுப்புச் சீஸும் ஜாமும் கொண்டுவந்தாள். "ஜூன் மாசத்துல எனக்கும் இப்படித்தான் ஆகும்" என்று புதுமணப் பெண் சொன்னாள். "என் வாழ்க்கையில இவ்வளவு நல்ல வாஃபிள் தின்னதில்ல" என்றார் ரெய்டார். லைஃப் ஜாக்கெட்டுகளை யாருக்கும் தெரியாமல் காலால் பின்னுக்குத் தள்ளினார். பல் மருத்துவரின் மனைவி ஓட்னியின் முதுகைத் தடவிக் கொடுத்து, சின்னப் பிள்ளையிடம் பேசுகிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசினாள். "பரவா...யில்ல. ஒண்ணும் ஆகல. சரியா?"

நடுராத்திரியில், சாம்பல் வெளிச்சத்தில், எல்லோரும் எல்லா வாஃபிளையும் தின்று முடித்தார்கள். ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

எங்கள் ஊர்க்காரர்கள் அப்படித்தான். ஒருவர் தடுமாறினால் எல்லோரும் சேர்ந்து தடுமாறியதுபோல் நடந்துகொள்வார்கள். ஓட்னியை முடித்தது அதுதான் என்று நான் நினைக்கிறேன். யாராவது ஒருவர் தூக்கம் கெட்டதென்று திட்டியிருந்தால் அவளும் பதிலுக்குத் திட்டியிருப்பாள். கடிகாரம் ஏழு காட்டியது, நான் பார்த்தேன் என்று சண்டை போட்டிருப்பாள். யாருக்காவது சந்தேகம் வந்திருக்கும். அவர்கள் நல்லவர்களாக இருந்துவிட்டார்கள். அதில் எனக்குப் பங்கில்லை.

அறைக்கு வந்ததும் படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"நீ முழிச்சிருந்தியா ஸிவெர்ட்?"

"இல்ல."

"நான் வாட்சைப் பாத்தேன். ஏழுக்குப் பத்து நிமிஷம் இருந்துச்சு. என் கண்ணால பாத்தேன்."

"கனவா இருக்கும்."

"சுவத்துல இருக்கறதும் அதான் காட்டிச்சு." கைக்கடிகாரத்தைக் காதோரம் வைத்துப் பார்த்தாள். "ரெண்டும் எப்படி ஸிவெர்ட் ஒரே மாதிரி தப்பாக் காட்டும்? அப்ப தப்பு என்கிட்டதான?"

அப்போது ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. அது நாக்கு நுனிவரை வந்தது என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. வரவில்லை. உண்மையைச் சொல்லத்தானே வந்திருக்கிறேன். "தூங்கு" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப மணி என்ன?" என்று கேட்டாள். சொன்னேன். சற்று நேரம் கழித்து மறுபடி கேட்டாள். மறுபடி சொன்னேன். அந்த இரவில் அவள் அதை எத்தனையோ முறை கேட்டாள். நான் ஒருமுறைகூடச் சலித்துக்கொள்ளவில்லை. எல்லா முறையும் சரியான நேரத்தைத்தான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்த அன்றே ஹெர்டிஸுக்கு அவளே போன் செய்து வேலை வேண்டாமென்று சொல்லிவிட்டாள். பந்தயத்தில் தோற்றவள் ஏமாற்றக்கூடாதென்பது அவள் குணம். கொட்டகைச் செடிகளைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள். அடுப்பைத் தொடுவதை விட்டாள். பிறகு தனியாகக் கடைக்குப் போவதை விட்டாள். குளிர்காலம் வந்து வெளிச்சமே இல்லாமல் போனபோது, சாப்பிட்டோமா, தூங்கினோமா, இது பகலா என்று எல்லாவற்றையும் என்னிடம் கேட்க ஆரம்பித்தாள். மருத்துவர் மறுபடி சோதித்தார். இந்த முறை ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் அவள் என் முகத்தைப் பார்த்தாள். மதிப்பெண் குறைவாக வந்தது. நான் அன்று ஒன்றும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

மிச்சத்தை ஹெர்டிஸ் சொல்லியிருப்பாள். முந்தாநாள் அவள் ரெய்டாரின் படகில் போயிருக்கிறாள். அந்தப் பித்தளைக் கடிகாரம் அந்த இரவுக்குப் பிறகு நேரத்தைச் சரியாகக் காட்டுகிறது, ஆனால் தப்பாக அடிக்கிறது. மூன்று மணிக்கு ஒன்பது அடிக்கிறதாம். ரெய்டார் அதை ஒரு வேடிக்கையாக அவளிடம் சொல்லியிருக்கிறார். சுத்தியலைப் பிடித்துக்கொண்டு முள்ளை முன்னால் சுற்றி, மறுபடி பின்னால் கொண்டுவந்தால்தான் இப்படி ஆகும் என்று கடிகாரம் பழுது பார்க்கிறவர் சொன்னாராம். எப்போதிலிருந்து என்று ஹெர்டிஸ் கேட்டிருக்கிறாள். ரெய்டார் யோசித்துவிட்டு, வாஃபிள் தின்ற அந்த ராத்திரியிலிருந்து என்றிருக்கிறார்.

நேற்று படகிலிருந்து இறங்கியதும் அவள் நேராக எங்கள் சமையலறைக்குத்தான் வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அக்கா, உனக்கு ஒண்ணுமே இல்லக்கா. கேக்கறியா? இந்தப் பாவி கடிகாரத்தைத் திருப்பி வச்சிருக்கான். எல்லாத்தையும் இவன்தான் பண்ணியிருக்கான். கிளம்பு, என்னோட வா."

ஓட்னி பயந்துபோய் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டாள். "ஏன் ஸிவெர்ட் இவ கத்தறா?" என்றாள்.

"நீங்களாவது வாயைத் திறந்து சொல்லுங்களேன்" என்றாள் ஹெர்டிஸ். அவள் அழுதுகொண்டிருந்தாள். "நீங்க சொன்னாத்தான நம்புவா. சொல்லித் தொலைங்களேன்."

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆகவே நேற்று, ஹெர்டிஸ் போன பிறகு, நான் சொன்னேன். இதுதான் நான் செய்ய விரும்பிய இரண்டாவது திருத்தம். நான் சொல்லவே இல்லை என்று ஹெர்டிஸ் நினைத்துக்கொண்டிருப்பாள். ஓட்னியை உட்காரவைத்து, உருளைக்கிழங்கிலிருந்து ஆரம்பித்து, போன் அழைப்புகள், பெயர்க் குச்சிகள், படகு, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். உங்களிடம் சொன்னதைவிட விவரமாகச் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடித்ததும் என் கன்னத்தைத் தொட்டாள்.

"ஹெர்டிஸ் உன்னை இப்படிச் சொல்லச் சொன்னாளா?" என்றாள். "எனக்காகப் பழியை உன் மேல போட்டுக்காத ஸிவெர்ட். உனக்கு அதெல்லாம் செய்யவே வராது."

சமையலறைக் கடிகாரத்தைச் சுவரிலிருந்து இறக்கினேன். அவள் கண்முன்னே முள்ளைப் பிடித்து ஏழு மணிக்குத் திருப்பினேன். "பார், இப்படித்தான் செய்தேன்" என்றேன். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், என் விரலைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.

"இப்ப நிஜமா மணி என்ன?" என்று கேட்டாள்.

எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. சொன்னேன். அவள் தலையசைத்துவிட்டுப் படுக்கப் போனாள்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். நான்தான் செய்தேன். உருளைக்கிழங்கைத் தவிர மற்ற அனைத்தையும். எங்கே கையெழுத்துப் போடவேண்டுமோ போடுகிறேன். நீங்கள் ஒரு பெண் அதிகாரியை அனுப்பி அவளிடம் பேசச் சொல்லலாம், பெரிய நகரத்து மருத்துவரிடம் காட்டலாம், ஹெர்டிஸ் அவளைக் கூட்டிக்கொண்டு போகலாம். நான் தடுக்கமாட்டேன். ஆனால் நான் சொல்லாமல் அவள் வாசலைத் தாண்டமாட்டாள். அதை இனி என்னாலும் மாற்ற முடியாது. நேற்று முயன்று பார்த்துவிட்டேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். முடிந்தால் சாயங்காலத்துக்குள் என்னை அனுப்பிவிடுங்கள். நான் பக்கத்தில் இல்லாவிட்டால் அவள் சாப்பிடமாட்டாள். நீங்கள் என்னை என்னவாக வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்தால் உங்களுக்கே தெரியும், கல்யாணமாகி முப்பத்து நாலு வருஷத்தில் ஒருவர்மேல் ஒருவர் இவ்வளவு நம்பிக்கையோடு நாங்கள் இதற்கு முன் வாழ்ந்ததில்லை.